லிஃப்டர் சத்தமா? அவசரப்படாதீங்க

வால்வைத் திறக்க உதவுற, உள்ளே ஆயில் நிரம்புற சின்ன பாகம்தான் (ஹைட்ராலிக்) லிஃப்டர். அது தட்டி இன்ஜின் மேல்பக்கம் 'டிக் டிக்'னு கேட்டதும் இன்ஜினைப் பிரிச்சுப் போடுறதைப் பார்த்தா மனசு கேக்க மாட்டேங்குது. முதல்ல டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயிலைப் பாருங்க. குறைஞ்சாலும் தட்டும், அளவுக்கு மேல ஊத்தி நுரை கட்டினாலும் தட்டும். ராத்திரி நின்ன வண்டி காலையில சில நொடி தட்டிட்டு அடங்கினா பெரும்பாலும் பயமில்லை. சூடான பிறகும் தட்டுதுன்னா, கேஜ் மாட்டி ஆயில் பிரஷரைப் பார்த்தே ஆகணும்.

புது லிஃப்டரா? மேனுவல் வேண்டாம்னு சொல்லலைன்னா, சுத்தமான இன்ஜின் ஆயில்ல நிமிர்த்தி முக்கி, பிளஞ்சரை (லிஃப்டருக்குள்ள ஏறி இறங்குற துண்டு) மெதுவா அமுக்கி அமுக்கி விடுங்க. குமிழி வர்றது நிக்கணும். பிளஞ்சர் இன்னும் பொதபொதன்னு இறங்கினா உள்ளே காத்து இருக்கு. மாட்டின கையோட ஸ்டார்ட் பண்ணாதீங்க. நிரம்பின லிஃப்டர் வால்வைத் திறந்தே பிடிச்சிருந்தா பிஸ்டன் இடிக்கும். கொஞ்ச நேரம் விட்டு, கிராங்க்கை (பிஸ்டனோட சேர்ந்து சுத்துற தண்டு) கையால 2 சுத்து சுத்திப் பார்த்துட்டு சாவியைத் திருப்புங்க.