கையேட்டை வேர்டிலிருந்து வெளியே எடுத்தது

எங்கள் மென்பொருளின் பயனர் கையேடு பல வருஷமாக ஒரே வேர்ட் கோப்பாக இருந்தது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அதைப் பிடிஎஃப் ஆக்கித் தளத்தில் ஏற்றுவோம். யார் எதை மாற்றினார்கள் என்று மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியில் பார்க்க வழியில்லை. அதை வலைப்பக்கங்களாக மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

எந்தக் கருவி என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நான் கோப்பு வடிவத்திலிருந்து தொடங்கினேன். கருவி நாளைக்கே மாறலாம், எழுதிவைத்த கோப்புகள் அப்படி மாறாது. எக்ஸ்எம்எல் வடிவமான டாக்புக்கைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. லினக்ஸ் கெர்னல்காரர்களே 2016இல் அதை விட்டு ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவிக்கு நகரத் தொடங்கிவிட்டார்கள். எக்ஸ்எம்எல் குறிச்சொற்களைக் கையால் எழுத யாருக்குப் பொறுமை இருக்கிறது?

எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுன் 2004இலிருந்தே இருக்கிறது, டெவலப்பர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கல் வேறு இடத்தில். எச்சரிக்கைப் பெட்டி போடுவதற்கு மூல மார்க்டவுனில் குறியே கிடையாது. கையேட்டைத் தளமாக்கும் கருவிகள் ஆளுக்கொரு குறி வைத்திருக்கின்றன: எம்கேடாக்ஸில் மூன்று ஆச்சரியக்குறி, டாகுசாரஸில் மூன்று முக்காற்புள்ளி. 'எல்லாம் மார்க்டவுன்தானே, பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்பது பாதிதான் உண்மை.

எம்கேடாக்ஸை ஓட்டிப் பார்த்தேன். அமைப்புகளுக்கு ஒரே யாமல் கோப்பு, சேமித்த உடனே பிரௌசரில் மாற்றம் தெரிகிறது. ஒரே மொழிக் கையேடு என்றால் அதோடு நிறுத்தியிருப்பேன். எங்களுக்கு மொழிபெயர்ப்பும் வேண்டும். ஸ்பிங்க்ஸ் உரையைப் பத்தி பத்தியாகப் பிரித்து கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கோப்புகளாகத் தருகிறது. மூலத்தில் ஒரு பத்தியைத் திருத்தினால் அந்தப் பத்தியை மட்டும் மொழிபெயர்ப்பாளர் பார்த்தால் போதும். அதுதான் முடிவு செய்தது. ஸ்பிங்க்ஸின் வழக்கமான வடிவமான ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் கற்றுக்கொள்ள மாட்டோம் என்றவர்களுக்காக மிஸ்ட் நீட்சியைச் சேர்த்தேன். அவர்கள் மார்க்டவுனிலேயே எழுதுகிறார்கள்.

அப்புறம் மாற்றும் வேலை. கோப்பு வடிவத்தை மாற்றும் பான்டாக் கருவி தலைப்புகளையும் பட்டியல்களையும் சுத்தமாகவே கொடுத்தது. அட்டவணைகள்தான் படுத்தின: கட்டங்களை ஒன்றாக இணைத்திருந்தவற்றைக் கையால் உடைத்து எழுத வேண்டியிருந்தது. படங்களெல்லாம் 'இமேஜ்1', 'இமேஜ்2' என்று வந்து விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் புரிகிற பெயரும் மாற்று உரையும் கொடுத்தேன். சலிப்பான வேலை, ஆனாலும் தள்ளிப்போடக் கூடாது.

இப்போது ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் சிஐயில் எச்சரிக்கைகளைப் பிழையாகக் கருதும் மைனஸ் டபிள்யூ (-W) என்ற தேர்வைப் போட்டுத்தான் ஸ்பிங்க்ஸ் ஓடுகிறது. யாராவது இணைப்புக்கான ஒரு லேபிளை நீக்கினால், அதைச் சுட்டும் பக்கத்தின் பெயரையும் வரி எண்ணையும் காட்டி பில்டு தோல்வியடையும். பிடிஎஃப் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதுவும் இதே கோப்புகளிலிருந்து லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் வழியாக வருகிறது. தமிழ்ப் பதிப்புக்கு மட்டும் அதன் ஸீலேடெக் வகையைத் தேர்ந்து, எழுத்துருவின் பெயரைக் குறிப்பிட வேண்டும்.