ஒட்டிக்கொண்ட பழைய டோக்கன்

"உங்கள் அனுமதி நீக்கப்பட்டிருக்கும், புதிதாக விண்ணப்பியுங்கள்" என்றார் உதவி மையத்தில் இருந்தவர். அமேசானின் மேகக்கணினிச் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் என் கட்டளைகள் 'டோக்கன் செல்லாது' என்ற பிழையோடு நின்றதால் அவரிடம் கேட்டிருந்தேன். அவர் பிழைச் செய்தியை முழுதாகப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. மேலாளரின் ஒப்புதல், பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் என்று நாள்கள் ஓடின. புது அனுமதி வந்த பிறகும் அதே பிழைதான். என் அனுமதி நீக்கப்படவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நிரந்தரச் சாவிகளைக் கைவிட்டு, ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும் ஏடபிள்யூஎஸ் தற்காலிகச் சாவிகளுக்கு அலுவலகம் மாறியது நல்ல முடிவு. அதில் எனக்குக் குறையில்லை. அந்தச் சாவிகளை எடுத்துத் தர எல்லோருக்கும் கொடுத்த ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல்தான் வினை. தற்காலிகச் சாவி என்பது மூன்று துண்டுகள்: அணுகல் சாவி, இரகசியச் சாவி, அந்த அமர்வுக்கு மட்டுமான செஷன் டோக்கன். மூன்றும் ஒரே வேளையில் வழங்கப்பட்டவையாக இருக்கவேண்டும். அந்த ஸ்கிரிப்ட்டோ முதல் இரண்டையும் ஒவ்வொரு முறையும் புதுப்பித்துவிட்டு, டோக்கன் ஏற்கெனவே சூழல் மாறியில் (டெர்மினல் தன்னில் ஓடும் நிரல்களுக்குத் தரும் மதிப்பில்) இருந்தால் அதைத் தொடாமல் விட்டது.

வெறும் காலாவதி என்றால் 'டோக்கன் காலாவதியானது' என்றே பிழை வரும். புதுச் சாவியோடு பழைய டோக்கன் கலந்தால் 'டோக்கன் செல்லாது' என்று வரும். இரண்டாவதைப் பார்த்தால் அனுமதிச் சிக்கல் போலத்தான் தோன்றும், ஏமாறாதீர்கள்.

எனக்குத் துப்புக் கொடுத்தது, ஒரே டெர்மினலில் பல சன்னல்களை நடத்தும் டிமக்ஸ் என்ற நிரல். வெளியே புதிதாகத் திறந்த டெர்மினலில் எல்லாம் ஓடியது, டிமக்ஸ் சன்னல்களில் மட்டும் ஓடவில்லை. டிமக்ஸ் சர்வர் தான் தொடங்கிய நேரத்துச் சூழல் மாறிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, புதுச் சன்னல் ஒவ்வொன்றுக்கும் அவற்றையே கொடுக்கிறது. காலையில் செத்த டோக்கன் மாலைவரை உலவியது அப்படித்தான். சாவியின் மூன்று துண்டுகளும் இருந்த மாறிகளை அன்செட் செய்து (நீக்கி), டிமக்ஸின் செட்-என்விரான்மென்ட் கட்டளையால் அதன் பொதுச் சூழலிலிருந்தும் நீக்கினேன். அடுத்த கட்டளையே ஓடியது. அந்த நிம்மதியைச் சொல்லி முடியாது!

இன்னொரு பொறியும் உண்டு. எந்தக் கணக்கமைப்பைப் பயன்படுத்துவது என்று சொல்லும் ஏடபிள்யூஎஸ் புரொஃபைல் என்ற மாறியை அமைத்திருந்தாலும், சூழலில் சாவிகள் கிடந்தால் அவையே வெல்லும். கட்டளையிலேயே புரொஃபைலைக் குறிப்பிட்டால்தான் அது முந்தும். எனவே எதையும் அழிக்கும் முன் கெட்-காலர்-ஐடென்டிட்டி கட்டளையை ஓட்டி, யாராக நுழைந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அணுகல் சாவி ஏஎஸ்ஐஏ என்று தொடங்கினால் தற்காலிகமானது; ஏகேஐஏ என்றால் நிரந்தரச் சாவி எங்கோ ஒளிந்திருக்கிறது, தேடிப்பிடித்து ஒழித்துக்கட்டுங்கள்.

இப்போது நான் சாவிகளை எக்ஸ்போர்ட் செய்வதே (சூழல் மாறிகளாக வைப்பதே) இல்லை. எக்ஸ்போர்ட் செய்த சாவி, கட்டளைகளை வாங்கி ஓட்டும் அந்த ஷெல்லில் பிறக்கும் எல்லா நிரல்களுக்கும் போகும். நாம் நிறுவும் முன்பின் தெரியாத தொகுப்பின் நிறுவல் ஸ்கிரிப்ட்டுக்கும்தான். சாவியைக் கட்டளை வரியில் ஒட்டினால் ஷெல் வரலாற்றிலும் பதிந்துவிடும். உள்நுழைவுத் தகவலை இயங்குதளத்தின் சாவிப் பெட்டகத்தில் வைத்து, ஏடபிள்யூஎஸ்-வால்ட் என்ற கருவி மூலம் ஒரு கட்டளைக்கு மட்டும் தற்காலிகச் சாவி கொடுக்கிறேன். அந்தக் கட்டளை முடிந்ததும் சூழலில் எதுவும் மிஞ்சுவதில்லை.

கால அளவையும் யோசித்துக் கேளுங்கள். ரோல் (தற்காலிகமாக ஏற்கும் அனுமதித் தொகுப்பு) ஏற்கும்போது 15 நிமிடம் முதல், ரோலில் அனுமதித்திருந்தால் 12 மணி நேரம் வரை கேட்கலாம். ஒரு ரோலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் 1 மணி நேரம்தான் உச்சம். வழங்கிய பிறகு அந்த நேரத்தைக் குறைக்க முடியாது. டோக்கன் கசிந்தால், குறிப்பிட்ட நேரத்துக்கு முன் அந்த ரோலுக்கு வழங்கிய எல்லாவற்றையும் மறுக்கும் கொள்கையைச் சேர்க்கவேண்டும். அது அதே ரோலில் வேலை செய்யும் மற்றவர்களையும் வெளியே தள்ளும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிழையான வரியைச் சுட்டிக்காட்டி எழுதினேன், ஸ்கிரிப்ட்டைத் திருத்திவிட்டார்கள். உதவி மையத்தின் வழிகாட்டியில் மட்டும் 'டோக்கன் செல்லாது' என்பதற்கு நேரே இன்னும் 'புதிதாக விண்ணப்பிக்கவும்' என்றே இருக்கிறது. விண்ணப்பிக்காதீர்கள், முதலில் அந்த மூன்று மாறிகளை அன்செட் செய்து பாருங்கள்.