தீபாவளி வார ஆட்டிறைச்சிப் பரிசோதனை: ஹற்றன் நாட்குறிப்பு

ஒக்டோபர் 27

தீபாவளிக்கு ஆடு அடிப்பது கூடிவிட்டது. நாங்கள் தேடுவது நீர்க்கட்டி (ஹைடாடிட்); நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் குஞ்சு ஆட்டின் உறுப்புகளில் உண்டாக்கும் கட்டி. இந்த அவசரத்தில் விட்டுப்போவது நுரையீரல்தான். ஈரலின் மேலிருக்கும் நீர்க்கட்டி கண்ணில் பட்டுவிடும். நுரையீரலுக்குள் ஆழத்தில் கிடப்பது விரலுக்குத்தான் தெரியும். மடல் மடலாக இரண்டு கைக்கும் நடுவே வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். அப்புறம் ஈரலின் இரு பக்கமும், மண்ணீரல், இதயம், சிறுநீரகம். காலை மூடுபனியில் ஜன்னல் வெளிச்சம் போதாது, மேசைக்கு நேர்மேலே விளக்கு வேண்டும். உடலுக்கும் உறுப்புகளுக்கும் ஒரே இலக்கம் கட்டாவிட்டால், கட்டி எந்த ஆட்டினுடையது என்றே தெரியாமல் போகும்.

கீழ்த்தாடையின் முன்பற்கள் எட்டும் விழுந்து முளைத்த கிழட்டுச் செம்மறியில் கூடுதல் கவனம். கட்டி மெதுவாகத்தான் வளரும்; இளம் ஆட்டில் சில மில்லிமீற்றர் அளவிலேயே இருப்பதால் தப்பிவிடும்.

ஒக்டோபர் 29

குடலை மூடிய கொழுப்புச் சவ்வில் ஒரு நீர்ப்பை தொங்கியது. சுவர் மெல்லிசு, நீர் தெளிவு, உள்ளே ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளிதான் புழுவின் தலை. இது நாயின் வேறொரு நாடாப்புழுவின் குஞ்சு, மனிதருக்கு வராது. வெட்டி அகற்றினால் போதும்.

ஆபத்தான கட்டி உறுப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். தடித்த வெளிச்சுவருக்கு உள்ளே, அவித்த முட்டை வெள்ளைபோல ஒரு படலம் தனியே கழன்று வரும். நீரை அசையாமல் விட்டால் அடியில் மணல்போல் படிவது புழுத் தலைகள். அழுத்தத்தில் நீர் பீறிடும் என்பதால் மேசையில் கத்தியால் குத்தவே கூடாது; ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டும். சீழாகவோ சுண்ணாம்பாகவோ இருந்தால் பழுத்த கட்டியாகவோ, செத்துப்போன நீர்க்கட்டியாகவோ இருக்கலாம். பித்தக் குழாய்கள் தடித்திருந்தால் அது ஈரல் தட்டைப்புழு.

கட்டியுள்ள உறுப்பு முழுதாகக் கழிக்கப்படும். ஆடு மெலிந்து வற்றியிருந்தால் உடலும் சேர்த்து.

நவம்பர் 1

கழித்த ஈரலை வாசலில் நிற்கும் நாய்க்கு வீசுவதுதான் பெரிய கேடு. கண்டுபிடித்த வேலையெல்லாம் அங்கேயே வீணாகிறது. உயிருள்ள கட்டியைத் தின்ற நாய் 6, 7 வாரத்தில் முட்டை போடத் தொடங்கும். அந்த முட்டை மலத்தோடு புல்லுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் போகும். குளிரும் ஈரமும் உள்ள நம் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மனிதருக்கு நோய் இறைச்சியால் வருவதில்லை, இந்த முட்டையால்தான் வருகிறது. நாயைத் தடவிய கையைக் கழுவாமல் சாப்பிடும் பிள்ளைகளை நினைத்தால் மனம் பதறுகிறது.

ஆகவே பூட்டுள்ள வாளி. எரிப்பதே நல்லது. புதைத்தால் நாய் தோண்ட முடியாத ஆழம். இரண்டும் முடியாத இடத்தில் துண்டு போட்டு 40 நிமிடமாவது கொதிக்க வைக்கலாம்.

லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) நாய்களுக்கு 6 வாரத்துக்கு ஒருமுறை பிராசிகுவான்டெல் என்ற புழுமருந்து, கிலோவுக்கு 5 மில்லிகிராம். மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. கொடுத்தபின் இரண்டு நாள் கட்டிவைத்து, மலத்தைப் பொறுக்கி எரிக்க வேண்டும்.