மாய உலகத்தில் யாருக்குப் பசிக்கிறது?

2024 மே 3, வெள்ளி

சின்னவள் தூங்கின பிறகு கேம் ஆஃப் த்ரோன்ஸ் என்கிற ஆங்கில டிவி தொடரின் கடைசி சீசனை மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு மூன்றாவது எபிசோட். செத்தவர்களின் படை வின்டர்ஃபெல் கோட்டைக்கு வருகிற ராத்திரி. 2019 ஏப்ரலில் இது வந்தபோது ஊர் உலகமெல்லாம் ஒன்றுமே தெரியவில்லை என்று புலம்பியது. ஒளிப்பதிவு செய்த ஃபேபியன் வாக்னர், இருட்டு வேண்டுமென்று வைத்ததுதான், பார்க்கிறவர்கள் டிவியைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று பதில் சொன்னார்.

நானும் ஹால் விளக்கை அணைத்து, ஜன்னலுக்குப் போர்வை கட்டித்தான் பார்த்தேன். குதிரைப்படை நெருப்புப் பிடித்த வாள்களோடு இருட்டுக்குள் பாய்கிறது. கோட்டையில் நிற்கிறவர்களோடு சேர்ந்து நாமும் தூரத்திலிருந்து பார்க்கிறோம். அந்த வெளிச்சப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. சத்தமும் நின்றுபோகிறது. அந்த இடத்தில் இருட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது, வயிற்றைப் பிசைகிறது. அதற்கப்புறம் வருகிற இருட்டு எதையும் சொல்லவில்லை, மறைக்க மட்டும்தான் செய்கிறது. 55 ராத்திரி குளிரில் நின்று எடுத்தார்களாம். அந்த உழைப்பு கண்ணில் படவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

மே 5, ஞாயிறு

அந்தத் தொடர் எங்கே கைவிட்டுப் போனது என்று இரண்டு நாளாக யோசனை. இருட்டு காரணமில்லை. அதே சீசனின் முதல் எபிசோடில் ஒரு இடம் வருகிறது. டெனேரிஸ் என்கிற ராணி பெரும்படையோடும் இரண்டு டிராகன்களோடும் வின்டர்ஃபெல்லில் வந்து இறங்குகிறாள். இத்தனை பேருக்குச் சோறு போடத் தானியத்துக்கு எங்கே போவது என்று அந்தக் கோட்டைக்காரி சான்ஸா கேட்கிறாள். டிராகன்கள் என்ன சாப்பிடும் என்றும் கேட்கிறாள். அவற்றுக்கு விருப்பப்பட்டதை என்று டெனேரிஸ் பதில் சொல்கிறாள். அவ்வளவுதான், தானியப் பேச்சு அதோடு போயிற்று.

குளிர்காலம் வருகிறது, வருகிறது என்று ஏழு சீசன் பயம் காட்டினார்கள். வந்ததும் ஒரே ராத்திரியில் முடிந்தது. யாரும் பட்டினி கிடக்கவில்லை. முதல் சீசனில் ராஜா வடக்கே வந்துசேர ஒரு மாசம் ஆகும். ஏழாவது சீசனில் பறவை செய்தி கொண்டுபோய், டிராகன் கிளம்பி வந்து, ஆளைக் காப்பாற்றுவதெல்லாம் ஒரே எபிசோடுக்குள் நடக்கிறது. வழி நீளமாக இருந்தால்தான் நடக்கிறவனுக்குப் பசிக்கும். பசியே இல்லாத மாய உலகத்தை என்னால் நம்ப முடியவில்லை.

மே 11, சனி

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறாள். காலையில் மாடியில் கூழ் வத்தல் ஊற்றினோம். மத்தியானம் மூன்று பேரும் ஸ்பிரிட்டட் அவே பார்த்தோம். ஹயாவோ மியாசாகி 2001-இல் எடுத்த ஜப்பானிய அனிமேஷன் படம். நான் ஐந்தாறு தடவை பார்த்தாயிற்று, அம்மாவுக்கு இதுதான் முதல். வசனத்தை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டாள்.

அந்த மாய உலகத்தின் சட்டமே சாப்பாடுதான். சிஹிரோ என்கிற சிறுமியின் அப்பாவும் அம்மாவும் ஆளில்லாத கடையில் கேட்காமல் அள்ளித் தின்று பன்றியாகிவிடுகிறார்கள். ஆனால் அந்த உலகத்தின் பண்டம் எதையாவது தின்னாவிட்டால் சிஹிரோ கரைந்தே போய்விடுவாள். ஹாக்கு என்கிற அந்த உலகத்துப் பையன் அவள் வாயில் ஒரு சின்ன உருண்டையைத் திணிக்கிறான். தின்றாலும் ஆபத்து, தின்னாவிட்டாலும் ஆபத்து. பத்து வயசுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய பயம்!

அப்புறம் அந்தச் சோற்று உருண்டை. பன்றிக் கொட்டிலில் பெற்றவர்களைப் பார்த்துவிட்டு வெளியே ஓடி வருகிறாள். செடிகளுக்கு நடுவே குத்தவைத்திருக்கிறாள். ஹாக்கு ஒரு சோற்று உருண்டையை நீட்டுகிறான். வேண்டாம் என்கிறாள். மறுபடி சொல்கிறான். ஒரு வாய் கடிக்கிறாள், இன்னொரு வாய். அதற்குப் பிறகுதான் கண்ணீர் வருகிறது, புளியங்கொட்டை கனத்துக்குப் பொட்டுப் பொட்டாக. அழுதுகொண்டே மெல்லுகிறாள். அதுவரை அவள் இப்படி வாய்விட்டு அழவில்லை. வயிற்றில் சோறு விழுந்த பிறகுதான் அழவே தெம்பு வருகிறது. இது தெரிந்தவர் எடுத்த படம் இது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மே 12, ஞாயிறு

நேற்று எழுத விட்டது. சிஹிரோ ஷூவை மாட்டியதும் முனையைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். படத்துக்கு அது தேவையே இல்லை. எங்கள் வீட்டுச் சின்னவள் தினமும் வாசலில் செய்வது அது. இன்றைக்கு வத்தல் காயவில்லை, மேகம்.

மே 15, புதன்

ராத்திரி தனியாகப் பான்ஸ் லேபிரிந்த். கில்லெர்மோ டெல் டோரோவின் 2006-ஆம் வருஷப் படம். தேவதைக் கதை என்று நம்பிப் பிள்ளைகளை உட்காரவைத்துவிடக் கூடாது. 1944, ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் முடிந்தும் காட்டுக்குள் சண்டை ஓயவில்லை. சிறுமி ஒஃபேலியாவின் மாற்றான் தகப்பன் ராணுவ கேப்டன்.

உள்ளங்கையில் கண் வைத்திருக்கும் அந்த வெளுத்த பூதத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். டக் ஜோன்ஸ் நடித்தது. வேஷத்தின் மூக்குத் துவாரம் வழியாகத்தான் அவருக்கு வெளியே தெரியுமாம். பூதத்துக்கு முன்னால் நீளமான மேஜை நிறையப் பண்டம், பின்னால் கணப்பு நெருப்பு. கேப்டன் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு விருந்து வைக்கும் மேஜையும் அப்படியேதான் இருக்கும். அந்த விருந்தில்தான் ஜனங்களின் ரேஷனைக் குறைப்பது பற்றிப் பேசுகிறார்கள்.

ஒன்றையும் தொடாதே என்று சொல்லி அனுப்பியும் ஒஃபேலியா திராட்சையைப் பறித்துத் தின்கிறாள். ஒன்று, அப்புறம் இன்னொன்று. பூதம் முழித்துக்கொள்கிறது. கூட வந்த தேவதைகளில் இரண்டின் தலை போகிறது. என்ன முட்டாள்தனம் என்று இந்த இடத்தில் சலித்துக்கொள்ளாத ஆளில்லை. எனக்கு அதில் சம்மதமே இல்லை. புது உடுப்பைச் சேறாக்கினதற்காகச் சாப்பாடில்லாமல் படு என்று ஒரு ராத்திரி அனுப்பப்பட்ட பிள்ளை அவள். அந்த வீட்டில் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டு நாம் பார்த்ததே இல்லை. திராட்சை தின்றதற்காக அவளைக் கோபிக்கிறவர்கள், பசித்த பிள்ளையை மறந்துவிட்டுச் சொல்பேச்சுக் கேளாத பிள்ளையை மட்டும் பார்க்கிறார்கள்.

தூக்கம் வரவில்லை. எழுந்துபோய்ச் சின்னவளுக்குப் போர்த்திவிட்டு வந்தேன்.

மே 18, சனி

மாயா பஜார், 1957. அம்மா கேட்டாள். சின்னப் பிள்ளையில் டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தாளாம். கே. வி. ரெட்டி இயக்கம், மார்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு. தமிழிலும் தெலுங்கிலும் எடுத்தார்கள். மகாபாரத ஆட்களின் கதைதான், ஆனாலும் பாண்டவர் ஐவரில் ஒருவர்கூடப் படத்தில் கிடையாது! பலராமன் மகள் வத்சலாவின் கல்யாணமே வியாசரில் இல்லாத நாட்டுப்புறக் கதை.

கடோத்கஜன் 'கல்யாண சமையல் சாதம்' பாடுகிற இடத்தில் அம்மாவும் சேர்ந்து பாடினாள். எஸ். வி. ரங்காராவுக்குத் திருச்சி லோகநாதன் குரல். லட்டு பறந்து வாய்க்குள் போகிறது. தந்திரம் என்று எனக்குத் தெரிகிறது, அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. அவர் கண்ணைப் பாருங்கள். அடுத்த பாத்திரத்துக்குக் கண் முதலில் போகும், கை அப்புறம்தான் போகும். பந்தியில் பாயசம் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிற எந்தப் பெரியப்பாவும் இப்படித்தான். வத்சலாவாக நடித்த சாவித்திரியையும் சொல்ல வேண்டும். கடோத்கஜன் வத்சலா வேஷத்தில் இருக்கும்போது தோளையும் நடையையும் அப்படியே ராட்சசனுடையதாக மாற்றிவிடுகிறார். அதற்கு ஒரு கேமரா வித்தையும் தேவைப்படவில்லை.

சின்னவள் லட்டுப் பாட்டை மூன்று தடவை போடச் சொன்னாள்.

மே 20, திங்கள்

தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங், லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் வரிசையில் மூன்றாவது படம், பீட்டர் ஜாக்சன் இயக்கம், 2003. பதினோரு ஆஸ்கர் வாங்கின படம். மூன்று மணி நேரத்துக்கு மேல், அதனால் சாப்பாட்டை ஹாலிலேயே வைத்துக்கொண்டோம். போர்க்களங்கள் பெரிசுதான், எனக்கு அவை ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. கலையாமல் நிற்பது ஒரு காட்சி. டெனத்தார் சொல்லித்தான் மகன் ஃபாரமிர் திரும்பி வர முடியாத சண்டைக்குக் குதிரை ஏறிப் போகிறான். இங்கே தகப்பன் சாப்பிட உட்கார்கிறான். குட்டையன் பிப்பினைப் பாடச் சொல்கிறான். பிப்பினாக நடித்த பில்லி பாய்டு தானே மெட்டுப் போட்டுப் பாடியது. பாட்டுக்கு நடுவே குதிரைக் கூட்டம் மெதுவாகக் கிளம்புகிறது. டெனத்தார் தக்காளியைக் கடிக்கிறான். சிவப்புச் சாறு மோவாயில் வழிகிறது, அவன் துடைக்கவில்லை. வெட்டுக்குத்து ஒன்றும் காட்டவில்லை. அந்த மெல்லுகிற சத்தம் போதும்.

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"யாருட்டி அவன்?"

"அந்தக் குதிரையில போறாம்லா, அவனோட அப்பா, ஆச்சி" என்றாள் சின்னவள்.

"பெத்த பிள்ளைய அனுப்பிட்டு இவனுக்கு எப்படித் தொண்டையில இறங்குது? நிப்பாட்டுட்டி அதை."

நிறுத்திவிட்டோம். மீதி நாளைக்கு.