ரப்பரில் தொடங்கிய உடன்படிக்கை

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வகுப்பு விதிகளை நானே சார்ட்டில் எழுதி ஒட்டிவிடுவது பல ஆண்டுகளாக என் வழக்கம். காலாண்டுத் தேர்வுக்குள் அதன் ஓரம் கிழிந்து தொங்கும். அதைப் படித்த பிள்ளை ஒன்றுகூட இருக்காது.

இந்த ஆண்டு மூன்றாம் வகுப்பின் 22 பிள்ளைகளையும் தரையில் ஒரே வட்டமாக உட்காரவைத்து, வகுப்பு எப்படி இருந்தால் பிடிக்கும் என்று கேட்டேன். 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பாடவேளைகளில் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிந்து உட்கார்ந்து பழகியவர்களுக்கு அந்த வட்டமே புதிதாக இருந்தது. ஆனால் வந்த விடைகளெல்லாம் தண்டனைகள்: பேசினால் முட்டி போட வேண்டும், அடித்தால் திருப்பி அடிக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையைத் தடைசெய்திருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? 'கூடாது' என்ற சொல்லே வராமல், நாம் என்ன செய்வோம் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

நெடுநேரம் அமைதி. பிறகு, வகுப்பில் அதிகம் வாய் திறக்காத ஒரு சிறுமி, "ரப்பர் கேட்டா குடுப்போம்" என்றாள். உடனே ஒருவன் எழுந்து, "அவன் வாங்கினா திருப்பியே தர மாட்டான் மிஸ்" என்று பக்கத்திலிருந்தவனைக் காட்ட, கால் மணி நேரம் வழக்கு நடந்தது. "கேட்டு வாங்குவோம், மணி அடிக்கிறதுக்குள்ள திருப்பிக் குடுப்போம்" என்று முடிவானது. இலக்கணம் திருத்தாமல் அப்படியே எழுதினேன். என் நடைக்கு மாற்றியிருந்தால் அது மறுபடியும் என் சார்ட்டாகிவிடும். மற்ற மூன்று வரிகள் எளிதாக வந்தன.

ஐந்தாவது வரிதான் என்னைத் திணறவைத்தது: "மிஸ்ஸும் கத்தாம பேசுவாங்க." தம்மைப் பாதிக்கும் செய்திகளில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்று ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சொல்வதைப் படித்திருக்கிறேன். இந்தியா அதை 1992இல் ஏற்றுக்கொண்டது. படித்ததும் தலையாட்டியதும் எளிது. தயங்கித்தான் எழுதினேன், பிள்ளைகள் ஸ்கெட்ச் பேனாவால் பெயரெழுதிய பிறகு, என் கையெழுத்தையும் கேட்டு வாங்கினார்கள். அதிகம் மீறப்பட்டதும் அந்த வரிதான், மீறியது நான்தான்.

காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் சார்ட்டைக் கழற்றி மறுபடி பேசினோம். ரப்பர் வரி பலிக்கவில்லை என்று அந்தச் சிறுமியே சொன்னாள். இப்போது என் மேசைமேல் பழைய சாக்பீஸ் டப்பா ஒன்றில் நான்கு பொது ரப்பர்கள் இருக்கின்றன. சாயங்காலம் எண்ணி வைப்பது அவள் பொறுப்பு.