மில்லுக்கு இருந்தால் போதாது: திருப்பூரில் எஃப்எஸ்சி வாங்கிய அனுபவம்

பொறுப்போடு பராமரிக்கும் காடுகளில் இருந்து வரும் மரம், பேப்பருக்குக் கொடுக்கும் எஃப்எஸ்சி சான்றிதழ் போன வியாழக்கிழமை எங்கள் யூனிட்டுக்கு மெயிலில் வந்துவிட்டது. மூன்று மாதத்தில் முடியும் என்று நினைத்து ஆரம்பித்த வேலை எட்டு மாதம் இழுத்தது. அதில் ஐந்து மாதம் ஒரே ஒரு பில்லால் போனது. திருப்பூரில் என்னைப் போல துணிகளுக்கு டேக், பாக்ஸ் அடிக்கும் சின்ன யூனிட்காரர்கள் நிறைய பேரிடம் இப்போது பையர்கள் இதையே கேட்கிறார்கள். அதனால் நான் இடறிய இடங்களை மட்டும் விரிவாக எழுதுகிறேன். விண்ணப்பம் நிரப்புவது, பணம் கட்டுவதெல்லாம் ஜிஎஸ்டி பார்த்தவர்களுக்குப் பெரிய விஷயமில்லை.

எங்களுக்கு வேலை கொடுக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்து, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தம்பி போன் செய்தார். "அண்ணா, அடுத்த சீசன்ல இருந்து டேக்ல அந்த மர முத்திரை இல்லீன்னா பையர் எடுக்க மாட்டாங்களாமுங்க" என்றார். டிக் போட்டது போல ஒரு மரம் இருக்குமே, அதுதான்.

அவசரப்பட்டு ஒரு கன்சல்டன்டைப் பிடித்தேன். அவர் பிஇஎஃப்சி என்ற இன்னொரு முத்திரைக்கான விண்ணப்பத்தைக் கொடுத்து, "ரெண்டும் ஒண்ணுதானுங்க, இது சீக்கிரம் ஆயிரும்" என்றார். நம்பி முன்பணம் கட்டினேன். பையரோ எஃப்எஸ்சி மட்டும்தான் ஏற்போம் என்று எழுதிவிட்டார். முன்பணம் திரும்பி வரவில்லை. பிஇஎஃப்சி மோசமானது என்று சொல்லவில்லை. 1999ல் ஐரோப்பாவில் தொடங்கியது, தலைமையிடம் ஜெனீவா. ஒவ்வொரு நாடும் எழுதிக்கொள்ளும் வனச் சான்று விதிகளைச் சரிபார்த்து அங்கீகரிப்பது அதன் வழி. எஃப்எஸ்சி என்கிற ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் உலகம் முழுவதற்கும் ஒரே அடிப்படைக் கோட்பாடுகளை வைத்துக்கொண்டு நடப்பது. எது வேண்டும் என்று பையரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.

இன்னொன்று, எஃப்எஸ்சி நேரடியாகச் சான்றிதழ் தருவதில்லை. அங்கீகாரம் பெற்ற தனி நிறுவனங்கள் வந்து ஆடிட் செய்து தருகின்றன. யார் "நானே வாங்கித் தர்றேன், பத்து நாள்ல" என்றாலும் நகர்ந்துவிடுங்கள்.

இனி அந்தப் பில் விஷயம். கோயம்புத்தூரில் ஒரு டீலரிடம் பல வருடமாக அட்டை வாங்குகிறேன். எஃப்எஸ்சி அட்டை வேண்டும் என்றதும், "மில்லுக்கே சர்டிபிகேட் இருக்குதுங்களே" என்று மில்லின் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். கிலோவுக்கு 3 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 4 டன் இறக்கினேன். ஜெராக்ஸைப் பத்திரமாக ஃபைலில் வைத்தேன். ஆடிட்டுக்கு முன்னால் ஆவணங்களைப் பார்த்த ஆடிட்டர் அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "உங்க டீலரோட சொந்தச் சான்றிதழ் எண் என்னங்க?" என்பது.

டீலருக்குச் சான்றிதழே இல்லை. அங்கேதான் எனக்கு விஷயம் உறைத்தது. இதைச் சங்கிலிச் சான்று என்கிறார்கள். காட்டில் இருந்து மில், மில்லில் இருந்து டீலர், டீலரிடம் இருந்து நான். சரக்கு யார் யாருக்குச் சொந்தமாகக் கைமாறுகிறதோ, அவர்கள் ஒவ்வொருவரிடமும் சான்றிதழ் இருக்க வேண்டும். டீலர் கமிஷன் மட்டும் வாங்கிக்கொண்டு மில்லே என் பெயருக்கு நேராகப் பில் போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. இவர் வாங்கி, தன் குடோனில் வைத்து, தன் பில்லில் விற்றார். ஒரு கண்ணி விட்டுப்போனது. மில்லில் இருந்து நல்ல அட்டையாகவே வந்திருந்தாலும், என் குடோனில் இருந்த 4 டன்னும் கணக்குப்படி சாதாரண அட்டை ஆகிவிட்டது.

பஸ் ஏறிப் போய் டீலரிடம் நின்றேன். அவர், "பில்லுல எழுதிக் குடுத்தாப் போவுதுங்க, என்ன எழுதோணும் சொல்லுங்க" என்றார். அன்று இரவு முழுக்க மனம் அலைபாய்ந்தது. மறுநாள் ஆடிட்டரிடமே கேட்டுவிட்டேன். சான்றிதழ் இல்லாதவர் பில்லில் அப்படி எழுதினால் அது பொய்ச் சான்று, தெரிந்தே அதை வைத்துக் கணக்குக் காட்டினால் உங்கள் விண்ணப்பமும் போகும் என்றார். விட்டுவிட்டேன். கேட்டது நல்லதாகப் போயிற்று.

அதன் பிறகு சான்றிதழ் உள்ள டீலரைத் தேடி அலைந்த கதை பெரிது. ஒருவரின் லெட்டர்ஹெட்டிலேயே எண் அச்சாகியிருந்தது. எஃப்எஸ்சியின் பொதுத் தேடல் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் சான்றிதழ் எப்போதோ ரத்தாகியிருந்தது. இன்னொருவருக்குச் சான்றிதழ் உயிரோடு இருந்தது, ஆனால் எழுதுகிற, ஜெராக்ஸ் எடுக்கிற பேப்பருக்கு மட்டும். அட்டை அவர் பட்டியலில் இல்லை. எண் சரியா, நடப்பில் உள்ளதா, நாம் வாங்கும் சரக்கு அதில் அடங்குமா என்ற மூன்றையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு லோடுக்கும் பாருங்கள்.

கடைசியில் ஈரோட்டில் ஒருவர் கிடைத்தார். ஒரே ஆர்டராக 5 டன் எடுத்தால்தான் தருவேன் என்றார். எனக்கு அவ்வளவு வேண்டியதில்லை. இதே வேலையில் இறங்கியிருந்த இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டோம். இங்கேயும் ஒரு குழி இருந்தது. ஒருவர் பெயரில் வாங்கி மற்ற இருவருக்கும் பிரித்துக் கொடுத்தால் மறுபடி கண்ணி விட்டுப்போகும். அவரிடம் பேசி மூன்று பெயருக்கு மூன்று பில் வாங்கினோம். மூன்றிலும் 'எஃப்எஸ்சி மிக்ஸ் கிரெடிட்' (சான்று பெற்ற காட்டு மரமும் அனுமதித்த மற்ற மூலப்பொருளும் கலந்த சரக்கு வகை) என்ற வாசகமும் அவருடைய சான்றிதழ் எண்ணும் இருந்தன. ஐந்து மாதம் இந்த ஒரு வரிக்காகத்தான்.

இது வெறும் காகித வேலை என்று ஊரில் பலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவில் இங்கே சாயப்பட்டறைகள் மூடியபோது நானும் வேலை இல்லாமல் உட்கார்ந்தவன். நொய்யலில் என்ன கலக்கிறது, யார் கலக்கினார்கள் என்று யாரும் கணக்கு வைக்காமல் விட்டதன் விலை அது. காட்டுக்கும் அந்தக் கணக்கு வேண்டும். டாப்ஸ்லிப்புக்குப் போனவர்களுக்குத் தெரியும், மேலே வெட்டிய தேக்கைச் சரிவில் உருட்டி விட்டதால்தான் அந்த இடத்துக்கு அந்தப் பெயர். கப்பலுக்கும் ரயில் தண்டவாளக் கட்டைக்கும் வெட்டி வெட்டி ஓய்ந்த ஆனைமலையில், போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி தேக்கைத் திரும்ப வளர வைத்தார். அவர் கல்லறையும் அங்கேயேதான். என் நினைவுச்சின்னம் வேண்டுமென்றால் சுற்றிலும் பார் என்ற அர்த்தத்தில் லத்தீனில் எழுதியிருக்கும். வெட்டுவதும் வளர்ப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று அவர் மலைமேல் செய்ததைத்தான் 1992 ரியோ பூமி மாநாட்டுக்குப் பிறகு உலகம் பேச ஆரம்பித்தது. அந்த மாநாட்டில் காடுகளுக்குக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் அமையவில்லை. அடுத்த வருடம், 1993ல், டொரன்டோவில் கூடி எஃப்எஸ்சியைத் தொடங்கினார்கள். அதில் சமூகம், சூழல், வியாபாரம் என்று மூன்று அவைகளுக்கும் சம ஓட்டு. ஒவ்வொரு அவைக்குள்ளும் வளர்ந்த நாடுகளுக்குப் பாதி, நம்மைப் போன்ற நாடுகளுக்குப் பாதி. இதைப் படித்த பிறகுதான் எனக்கு இந்த வேலையில் பிடிப்பு வந்தது.

அட்டை முடிந்தது, அடுத்து ஜாப் ஒர்க். நம் ஊரில் எல்லா வேலையும் ஒரே கூரைக்குக் கீழே நடப்பதில்லை. லேமினேஷன் ஒரு இடம், பஞ்சிங் ஒரு இடம். சான்றிதழ் இல்லாத இடத்துக்குச் சரக்கை அனுப்பலாம், ஆனால் ஒவ்வொருவரோடும் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். லேமினேஷன் போடும் அண்ணன் பேப்பரைக் கையில் வாங்கவே இல்லை. "இருபது வருசமா வாய்ப் பேச்சுலதானுங்க ஓடுது. இப்ப எதுக்குக் கையெழுத்து? நாளைக்கு ஆபீசரு வந்து மெஷினை எண்ணறதுக்குங்களா?" என்றார். மூன்று முறை போனேன். மூன்றாவது முறை இங்கிலீஷ் பேப்பரை வைத்துவிட்டு, தமிழில் நானே எழுதியதை அவர் முன்னால் உட்கார்ந்து படித்தேன். நம் சரக்கை வேறு சரக்கோடு கலக்கக் கூடாது, வேஸ்ட்டு எத்தனை கிலோ என்று சலானில் எழுத வேண்டும், வேலையை வேறொருவருக்குக் கைமாற்றக் கூடாது, முத்திரையை அவர் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, ஆடிட்டர் வந்தால் காட்ட வேண்டும். "இவ்வளவுதானுங்களா? இத மொதல்லயே சொல்லியிருந்தா மூணு நடை மிச்சமுங்களே" என்று கையெழுத்துப் போட்டார். தப்பு என்னுடையதுதான். ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள்.

டேக்கில் கயிறு கோர்க்கும் வேலை வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2021ல் இருந்து இந்தச் சான்றில் தொழிலாளர் விதிகளும் சேர்ந்துவிட்டன: குழந்தைத் தொழிலாளர் கூடாது, கட்டாய வேலை கூடாது, பாகுபாடு கூடாது, சங்கம் சேர்வதைத் தடுக்கக் கூடாது. வீட்டில் அம்மா கோர்க்கும்போது பக்கத்தில் இருக்கும் பிள்ளையும் கோர்க்கத்தான் செய்யும். அது எனக்கு முன்பே உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது யூனிட்டிலேயே ஒரு ஷெட் போட்டு, அக்காமார்கள் அங்கே வந்து கோர்க்கிறார்கள். செலவு கூடியது. கூடட்டும்.

ஆடிட் அரை நாளில் முடிந்தது. ஆடிட்டர் அம்மா என்னை விட்டுவிட்டு நேராக மெஷின்மேனிடம் போய், "இந்த ஷீட்டு எது, அந்த ஷீட்டு எது, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அவன் பச்சைக் கோடு போட்ட தரையையும் பண்டலில் தொங்கிய அடையாளச் சீட்டையும் காட்டி, அன்றைய ஜாப் கார்டையும் எடுத்து நீட்டினான். முதலாளி மட்டும் படித்து வைத்துக்கொண்டு பிரயோஜனம் இல்லை, வேலை செய்பவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். எனக்கு வந்த ஒரே குறை, கழிவுக் கணக்கு. 100 கிலோ அட்டை போட்டால் எத்தனை கிலோ டேக் வரும் என்று உத்தேசமாக எழுதியிருந்தேன், எடை போட்டு எழுதவில்லை. சின்னக் குறை என்பதால் சரிசெய்ய ஒரு வருடம் வரை அவகாசம் உண்டு. பெரிய குறை இருந்திருந்தால் அதைச் சரிசெய்து முடிக்கும்வரை சான்றிதழே வந்திருக்காது.

சான்றிதழ் வந்ததும் உடனே முத்திரை அடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு டிசைனையும் சான்றளித்த நிறுவனத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். எக்ஸ்போர்ட் கம்பெனி அனுப்பிய ஆர்ட்வொர்க்கில், முத்திரையோடு அச்சிட வேண்டிய உரிம எண்ணாகப் பழைய வெண்டரின் எண் அப்படியே இருந்தது. பிளேட் போடப் போகும் நேரத்தில் அந்த மெஷின்மேன்தான், "அண்ணா, செவுத்துல ஒட்டியிருக்கற நம்பரும் இதும் வேறயா இருக்குதுங்களே" என்றான். அடுத்தவர் எண்ணில் 40,000 டேக் போயிருக்கும்.

சான்றிதழ் ஐந்து வருடத்துக்கு. வருடா வருடம் ஆடிட் உண்டு, வருடக் கட்டணம் டர்ன்ஓவரைப் பொறுத்தது. பில், சலான் எல்லாம் ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். ஆள் குறைவான யூனிட்கள் குழுவாகச் சேர்ந்து ஒரே சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது. அது எனக்குப் பாதியில்தான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் ஈரோட்டுக்கு ஒன்றாகப் போன நாங்கள் மூவரும் விண்ணப்பமும் ஒன்றாகப் போட்டிருப்போம். இப்போது லேமினேஷன் அண்ணன் அதைப் பற்றி விசாரிக்கிறார். திங்கட்கிழமை அவரோடு உட்கார்ந்து தமிழில் எழுதிக்கொடுக்கப் போகிறேன்.

அந்த 4 டன் அட்டை உள்ளூர் பனியன் பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் 800 கிலோ பாக்கி.