உடற்கல்வி நெட்டும் மலையேற்றமும்: சாகசக் கல்வி கற்பிக்க விரும்புவோருக்கு

கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டின் ரிசல்ட் வந்துவிட்டது. உடற்கல்வியில் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்திருக்கிறது. ஆராய்ச்சி உதவித்தொகையான ஜேஆர்எஃப் இல்லை, எனக்கு இது போதும், நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. மலையேற்றத்தையும் பாறையேற்றத்தையும் கல்லூரியில் பாடமாக நடத்த ஆசைப்படும் தம்பி தங்கைகள் மதுரைப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் அவர்களுக்காக எழுதிவிடுகிறேன்.

சாகசக் கல்வி என்று தனித் துறையைத் தேடி அலையாதீர்கள். நம் பக்கம் உடற்கல்வித் துறை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். எம்.பி.எட். என்ற உடற்கல்வி முதுகலைப் பட்டம், நெட், பிஎச்டி என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம் டார்ஜிலிங், உத்தரகாசி போன்ற இடங்களில் நடக்கும் மலையேற்றப் பயிற்சிகள். பேசிக் கோர்ஸ் 28 நாள். அதில் ஏ கிரேடு வாங்கினால்தான் அடுத்த கட்டமான அட்வான்ஸ் கோர்ஸ். அட்வான்ஸிலும் ஏ கிரேடு வந்தால்தான் பயிற்றுநருக்கான மெத்தட் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன். சும்மா முடித்தோம் என்று சான்றிதழோடு வந்தால் பிறகு வருத்தப்படுவீர்கள். போகும் முன்பே நடந்து, ஓடி, முதுகில் சுமை தூக்கி உடம்பைத் தயார் செய்யுங்கள்.

சரி, தேர்வுக்கு வருவோம். எனக்குக் கைகொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: படித்ததை அன்றைக்கே யாருக்காவது வாய்விட்டுச் சொல்லிக்கொடுத்தது. புத்தகத்தோடு மணிக்கணக்கில் உட்காருவது என் சுபாவம் இல்லை. கீழக்குயில்குடி சமணர் மலைப் படிகளில் ஜூனியர்களை வேகமாக ஏறவிட்டு, மேலே போனதும் கழுத்தில் விரல் வைத்து நாடியை எண்ணச் சொல்வேன். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ண வேண்டும். எண் குறைந்துகொண்டே வரும்போது, கடும் உழைப்புக்குப் பிறகும் உடம்பு கூடுதலாக ஆக்சிஜன் கேட்கும் ஆக்சிஜன் கடன் பாடத்தைத் தொடங்கினால், அவர்களுக்கும் மறக்காது, எனக்கும் மறக்காது. உடல் அசைவுகளின் இயக்கவியலான பயோமெக்கானிக்ஸும் அப்படித்தான். சரிவுப் பாறையில் பயந்து உடம்பை ஒட்டிப் படுத்தால் கால் வழுக்கும். இடுப்பைக் கொஞ்சம் வெளியே தள்ளி நிமிர்ந்தால் பாதத்தில் அழுத்தம் கூடி உராய்வு பிடிக்கும். இதை ஒரு முறை பாறையில் நின்று விளக்கிவிட்டால் நோட்ஸ் தேவையில்லை.

ஒரு நாள் முதலாமாண்டு மாணவி ஒருத்தி பாதிப் பாறையில் நின்றுவிட்டாள். "அண்ணே, கால் நடுங்குது, இறக்கி விடுங்க." ஏறுபவர் விழாமல் தாங்கிப் பிடிக்கும் பிலே கயிறு என் கையில். இறக்கிவிட்டு, தண்ணீர் குடித்தபின் மூன்றே கேள்வி கேட்டேன். மேலே என்ன நடந்தது? ஏன் அப்படி ஆனது? அடுத்த தடவை என்ன மாற்றிச் செய்வாய்? "கையை மட்டும் நம்பினேன், காலைப் பார்க்கவே இல்லை" என்றாள். இரண்டாம் முறை காலைப் பார்த்துப் பார்த்து வைத்து ஏறிவிட்டாள். டேவிட் கோல்ப் 1984இல் எழுதிய அனுபவக் கற்றல் சுழற்சி இதுதான்: அனுபவம், திரும்பிப் பார்த்தல், கருத்தாக்கம், செய்து பார்த்தல். ஏற்றிவிடுவது வழிகாட்டியின் வேலை. ஏறி இறங்கியபின் இப்படிப் பேச வைப்பவர்தான் ஆசிரியர்.

மற்றவை சுருக்கமாக:

- நெட்டில் எல்லாப் பாடத்தவருக்கும் பொதுவான முதல் தாளை நம் ஆட்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். என்னைக் கரையேற்றியதே அதுதான். கற்பித்தல் திறன், ஆராய்ச்சித் திறன், சுற்றுச்சூழல் மூன்றும் நம் வேலையோடு ஒட்டியவை.
- வரலாறு: ஜான் டூயி, 1938, அனுபவமும் கல்வியும் பற்றிய நூல். குர்ட் ஹான், 1941, வேல்ஸின் அபர்டவியில் தொடங்கிய அவுட்வர்ட் பவுண்ட் என்ற சாகசக் கல்விப் பள்ளி. ஹாரி குரோ பக், 1920, அவர் தொடங்கிய சென்னை ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி. நேர்காணலில் இவர்களைப் பற்றிப் பேசத் தெரிய வேண்டும்.
- தேர்வு கணினியில்தான், மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் திரையைப் பார்க்க வேண்டும். நம்மைப் போல ஓடியாடும் ஆட்களுக்கு இதற்கே தனிப் பயிற்சி வேண்டும்.

நேர்காணலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரிசல்ட் வந்த கையோடு ஒரு தனியார் கல்லூரிக்குப் போனேன். "மலை ஏறுவதெல்லாம் ஒரு பாடமா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் வலிக்கிறது. குரங்கணியைச் சொன்னேன். 2018 மார்ச் 11, தேனி மாவட்டத்து மலையில் காட்டுத்தீ, இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். காய்ந்த புல், காற்று, செங்குத்துச் சரிவு. தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஏறும். மார்ச்சில் புல்வெளிச் சரிவுக்கு ஆள்களைக் கூட்டிப் போகலாமா, எங்கே முகாம் போடக் கூடாது, எந்த நிலையில் பயணத்தைக் கைவிட வேண்டும், இதையெல்லாம் முறையாகக் கற்றவர்கள் வேண்டும் சார் என்றேன். அதே ஆண்டு தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்ததையும் சொன்னேன். அதன்பிறகு அவர் கேட்டதெல்லாம் பாடத்திட்டத்தைப் பற்றித்தான்.

அதனால் நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழ் கோப்போடு, நீங்களே தயாரித்த ஒரு பயணத் திட்டத்தையும் எடுத்துப் போங்கள். சிறுமலையோ அழகர்மலையோ, நீங்கள் நடந்த பாதையாக இருக்கட்டும். வனத்துறை அனுமதி, தண்ணீர் கிடைக்கும் இடம், திரும்ப வேண்டிய நேரம், பக்கத்து மருத்துவமனை, எத்தனை மாணவருக்கு எத்தனை ஆசிரியர் என எல்லாம் அதில் இருக்க வேண்டும். இரண்டு பக்கம் போதும். கேட்காவிட்டாலும் மேசையில் எடுத்து வையுங்கள்.